எந்த அடி?

பக்கிரிசாமி விட்ட ஒரே குத்தில் தோட்டத்துக் கணக்கர் சாம்பசிவம் கிராணி மூன்று வரிசைத் தேயிலைச் செடிகளைத் தாண்டிப் போய் விழுந்தார். முதல் வரிசைக்கு மேலே பறக்கும்போது மூக்குக் கண்ணாடி கழன்றது. இரண்டாவது வரிசைக்கு மேலே, வாயில் குதப்பிக்கொண்டிருந்த வெற்றிலையை ஒழுங்காக ஓரமாய்த் துப்பினார். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று குலதெய்வத்தைக் கூப்பிட்டார். அவர் விழுந்த அதிர்ச்சியில் ரிங்லெட் அணைக்கட்டில் தண்ணீர் ஒரு முழம் ஏறி இறங்கியதாம்.

ஆத்துமேட்டுத் தோட்டத்தில் இதை இப்படித்தான் சொன்னார்கள். காது படைத்த எவனும் நம்பமாட்டான். சொன்னவர்களுக்கே அது தெரியும்; தெரிந்துதான் சொன்னார்கள். ஆனால் கதைக்குள்ளே ஒரு பருப்பு இருக்கிறது, கிராணி அடி வாங்கியது வாங்கியதுதான் என்பதில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஒருத்தியைத் தவிர.

"வழுக்கி விழுந்தாரு" என்பாள் நவமணி. அதற்கு மேல் பேசமாட்டாள். அவள் பக்கிரிசாமியின் பெண்டாட்டி.

அவள் அப்படிச் சொன்னதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதுவரை பக்கிரிசாமியின் கை எவன் மேலாவது பட்டு அவள் பார்த்ததே கிடையாது. இத்தனைக்கும் அவள் கழுத்தை நீட்டியது ஒரு குத்துச்சண்டைச் சாம்பியனுக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் பக்கிரிசாமிக்கு இருபத்திரண்டு வயது. லயத்து வீட்டு வாசலில் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் நுழைவான். அவன் குளித்தால் பீலிக் குழாய்த் தண்ணீர் கீழே நிற்பவர்களுக்கு வந்து சேராது. அந்த வருஷம் ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலருக்குப் புதிய இரும்பு மூடி ஏற்றி வந்த லோரி, தாப்பா ரோட்டு வளைவொன்றில் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. பக்கிரிசாமி மூடியை முதுகில் கவிழ்த்துக்கொண்டு ஆமை மாதிரி மேட்டில் ஏறினான். அந்த வழியாக ஜீப்பில் வந்த ஒரு போலீஸ் சார்ஜன் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்த மனிதர். உள்ளங்கையை நீட்டிக் குத்தச் சொன்னார். குத்தினான். சார்ஜன் ஒரு வாரம் இடது கையால் சல்யூட் அடித்தார் என்பது தோட்டத்துப் பேச்சு. ஆனால் அவர் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். இந்த மாதிரி வலது கை இருபது வருஷத்துக்கு ஒருத்தனுக்குத்தான் வாய்க்கும், இதை மூட்டை தூக்கி வீணடிக்காதே என்றார்.

அவரே தன் சம்பளத்தில் கையுறை வாங்கி மாட்டிவிட்டுப் பழக்கினார். தொல்லை என்னவென்றால், அந்த எடையில் மோத அக்கம்பக்கத்தில் ஆளே இல்லை. முதல் போட்டிக்குப் போனான். எதிர்மூலையில் முக்காலிதான் இருந்தது. நடுவர் இவன் கையைத் தூக்கிவிட்டு ஒரு கோப்பையைக் கொடுத்தார். அடுத்த வருஷமும் அதே முக்காலி, இன்னொரு கோப்பை. ஒரு குத்துக்கூட விடாமல் இரண்டு முறை சாம்பியன் ஆன ஒரே மனிதன் உலகத்திலேயே பக்கிரிசாமிதான். தோட்டம் மேளம் அடித்து அழைத்து வந்தது. அந்த மேளச் சத்தத்தில்தான் ரிங்லெட் பக்கத்திலிருந்து பெண் கொடுத்தார்கள். நவமணி வந்து சேர்ந்தாள்.

சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்தது ஈப்போவில், வெள்ளைக்காரக் கப்பல்காரன் ஒருத்தன், நிஜமான சண்டை. தினமும் விடியலில் ஃபேக்டரியிலிருந்து மலை உச்சிவரை ஓடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டம் ஓடவிட்டால்தானே. ஆத்துமேட்டில் பிறந்ததிலிருந்து சாகிறவரை மனிதனுக்கு நிறுவைதான். விடியலில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் தராசுக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும். கொழுந்து கனத்தால் மதிப்பு. கனக்காவிட்டால் கிராணியின் வாயில் விழுந்து எழவேண்டும். அப்படிப்பட்ட சனத்திடம் போய் 'ஹெவிவெயிட்' போட்டி என்றால் என்ன நினைக்கும்? வீரப்பன் கங்காணிதான் அதற்கு விளக்கம் சொன்னார்.

"பேருலயே இருக்கேலா. வெயிட்டு. யாரு எடை கூடவோ அவன் ஜெயிப்பான். சார்ஜன் டவுனு ஆளு, அவருக்கு என்னா தெரியும்? ஓடுனா நம்ம புள்ள கரைஞ்சிடுவான்."

அவ்வளவுதான். லயம் முழுக்கச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆட்டுத்தலை சூப் ஒரு வீடு, கருவாட்டுக் குழம்பு ஒரு வீடு, பயறுக் கஞ்சி ஒரு வீடு. முட்டை போடுகிற கோழிகள் அந்த ஆறு மாதம் அவனுக்காக மட்டுமே போட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறுவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ச் சாக்கில் உட்கார வைத்து, சாக்கின் வாயைத் தராசுக் கொக்கியில் மாட்டி, நாலு பேர் கப்பிக் கயிற்றை இழுப்பார்கள். சாம்பியன் கொழுந்து மூட்டை மாதிரி அந்தரத்தில் ஆடுவான். கங்காணி முள்ளைப் பார்த்து ராத்தலை உரக்கச் சொல்வார். போன வாரத்தைவிடக் கூட என்றால் விசில் பறக்கும். குறைந்திருந்தால் எல்லாரும் நவமணியைப் பார்ப்பார்கள்.

அவளும்தான் முட்டை உடைத்தாள். விடியலில் அவன் ஓடுவதற்கு எழுந்தால், குளிரிலே எங்கே போறீங்க என்று போர்வையை இழுத்து மூடினாள். அவனுக்கும் கசக்கவில்லை. சின்ன வயதில் மரவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்று வளர்ந்தவன். ஊரே நிற்க வைத்து ஊட்டும்போது வாயை மூடுவானா?

ஈப்போவுக்கு இரண்டு லோரியில் போனார்கள். மண்டபத்தில் ஒலிபெருக்கியில் இருவர் எடையையும் சொன்னபோது, கப்பல்காரன் நம் ஆளைவிட எழுபது ராத்தல் குறைவு என்று தெரிந்ததும், ஆத்துமேட்டுக்காரர்கள் எழுந்து நின்று கட்டித் தழுவிக்கொண்டார்கள். கங்காணி வெளியே ஓடிப் பட்டாசு கொளுத்தினார். ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்தார்கள். அதற்குப் பிறகு மணி அடித்து ஏன் அந்த வெள்ளைக்காரன் இவனைப் போட்டு அடிக்கிறான் என்று அவர்களுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

பக்கிரிசாமி வலது கையைத் தூக்குவதற்குள் கப்பல்காரன் வேறு பக்கம் போயிருப்பான். இரண்டாவது சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்தான். மணி அடித்தது. எழுந்திருக்கவில்லை. யாரும் அவனைச் சாய்க்கவில்லை. விழுந்திருந்தாலாவது ஒரு கௌரவம். மூச்சு வாங்க உட்கார்ந்தவன் உட்கார்ந்தே தோற்றான். சார்ஜன் துண்டை அவன் மடியில் போட்டார். இனிமேல் இந்தக் கையை மூட்டை தூக்கவே வைத்துக்கொள் என்றார். பிறகு அவரை யாரும் அந்த மலையில் பார்க்கவில்லை.

திரும்பும்போது தாப்பா ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் லோரி நின்றது. பக்கிரிசாமி இறங்கி, ஊர் ஊட்டியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறினான்.

மறுநாளே ஊட்டிய கைகள் மாறிவிட்டன. அவனுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தது, அதிகம் சூப் கொண்டுவந்த வீடுதான். ஒரு கோப்பையில் நவமணி உப்புப் போட்டு வைத்தாள். இன்னொன்றில் கோழிகள் தண்ணீர் குடித்தன. பக்கிரிசாமி லோரிக்குக் கொழுந்து மூட்டை ஏற்றினான், வருஷங்கள் போயின. எடை இறங்கவில்லை. வேகம்தான் இறங்கிற்று. மகள் சாரதா பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைச் சொல்ல வெட்கப்பட்டாள்.

சாம்பசிவம் கிராணி எண்பதில் மாற்றலாகி வந்தார். ஈப்போ கதையை யாரோ சொல்லியிருக்க வேண்டும். மனிதருக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு அமையவில்லை. "சாம்பியன்" என்றுதான் கூப்பிடுவார். மேனேஜர் துரையைப் பார்க்க விருந்தாளிகள் வந்தால், "சாம்பியன், ஏறு" என்று சாக்கைக் காட்டுவார். பக்கிரிசாமி ஏறி உட்காருவான். கொக்கியில் ஆடுவான். விருந்தாளிகள் படம் பிடிப்பார்கள். இறங்கும்போது அவனும் சிரிப்பான். நவமணி அந்த நேரத்தில் கூடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எண்பத்து நாலு, தீபாவளிக்கு முந்தின வாரம். மத்தியானத்திலிருந்து ஓயாத மழை. மூட்டம் இறங்கி, ஒரு செடியில் கிள்ளுகிற கைக்கு அடுத்த செடி தெரியவில்லை. இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்குள்ளேயே தண்ணீர் நடந்தது. நிறுவை முடிந்தவர்கள் கீழே ரோட்டில் நின்ற லோரியில் ஏறித் தார்ப்பாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். கடைசியாக வந்தவள் நவமணி. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்க நின்றதில் தாமதம். கொட்டகையில் கிராணி இருந்தார். கட்டிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கிரிசாமி இருந்தான்.

கிராணி அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார்.

"என்னா சாம்பியன், ஒன்ன எத்தனையோ தடவ நிறுத்துட்டேன். ஒன் வீட்டம்மாவ நிறுத்ததே இல்லியே. நீ தின்னது போக அதுக்கு என்னா மிச்சம் இருக்குன்னு பாப்பமா?"

நவமணி கூடையை இறக்கக் குனியுமுன் கூடைக் கயிற்றைப் பின்னால் பிடித்துக் கொக்கியில் மாட்டிவிட்டார். கயிறு இன்னும் அவள் நெற்றியில் இருந்தது. கப்பியை இழுத்தார். கயிறு நெற்றியிலிருந்து நழுவிக் கழுத்துக்கு வந்தது. குதிகால் தரையை விட்டு எழும்பிற்று.

லோரியில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் உடைத்தது போல் இருந்தது என்றாள் நவமணியோடு கொழுந்து கிள்ளுகிற வேலம்மா. ஓடி வந்து பார்த்தபோது கிராணி ஈரக் கொழுந்துக் குவியலில் மல்லாந்து கிடந்தார். வாயெல்லாம் ரத்தம். பக்கிரிசாமி நின்றுகொண்டிருந்தான். நவமணி தரையில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது தொடங்கிற்று கொண்டாட்டம். லோரி லயத்துக்கு வருவதற்குள் கிராணி ஒரு வரிசை பறந்திருந்தார். சோறு வடிக்கிற நேரத்துக்கு இரண்டாவது வரிசை. மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்கு ஆள் கூடியபோது மூன்று. பதினோரு வருஷமாக மூட்டை என்று கூப்பிட்ட வாய்கள் 'அண்ணே' என்றன. ஒரு வீட்டிலிருந்து ஆட்டுத்தலை சூப்கூட வந்தது.

நவமணி அந்த சூப்பை வாசலிலேயே கொட்டினாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். உத்தியோகஸ்தர்மேல் கை வைத்தவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடு இல்லை. போன வருஷம்தான் ஒரு குடும்பம் சட்டிபானை, சாமிப் படம் எல்லாவற்றையும் ரோட்டோரம் மழையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். எங்கே போனார்களோ. பக்கிரிசாமி அப்படிப் போய் நிற்க எந்த ஊரில் வாசல் அகலமாக இருக்கிறது?

இரண்டு நாள் கழித்து ஆபீசில் விசாரணை. துரை மலையாளி, தமிழ் நன்றாக வரும். சாட்சி சொல்ல லயமே திரண்டு வந்தது. பார்த்தவன் ஒருவனும் இல்லை, சொல்லாதவனும் இல்லை. ஒருவன் கிராணி லோரியைத் தாண்டிப் போனார் என்றான். குத்தின வேகத்தில் மூட்டம் இரண்டாகப் பிளந்து வெயில் அடித்தது என்றான் இன்னொருவன். பக்கிரிசாமியின் பெருமைக்காகத்தான் அத்தனையும். அத்தனையும் அவன் கழுத்துக்குக் கயிறு என்று அவர்களுக்கு உறைக்கவில்லை. துரை கேட்டுக் கேட்டு அலுத்துக் கடைசியில் எல்லாரையும் வெளியே ஜன்னலோரம் நிற்கச் சொன்னார். கிராணியைப் பார்த்து, உம்மை இவன் எதற்காக அடிக்க வேண்டும் என்று கேட்டார்.

கிராணி வாயைத் திறந்தார். முன்பல் இரண்டு இல்லை. ஒரு பெண்ணைக் கொக்கியில் மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் மூடிக்கொண்டார்.

துரை நவமணியைக் கேட்டார். அவள் சேலைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றியிருந்தாள்.

"வழுக்கி விழுந்தாரு தொரை. ஈரக் கொழுந்து."

"உன் புருஷன் சாம்பியனாச்சே. எல்லாரும் சொல்றாங்க."

"கோப்பை வாங்குனாரு. யாரையும் அடிச்சு வாங்கல. எதிர்ல ஆளில்லாம குடுத்தாங்க. ஈப்போவுல ஆளு வந்தான். அவன் மூஞ்சியத் தொடக்கூட இவரால முடியல. முக்காலியில ஒக்காந்தவரு எந்திரிக்கல. ரெண்டு லோரி சனம் பாத்துச்சு, அங்கதான் நிக்கிறாங்க, கேளுங்க. இவரு கையில அடி இருந்திருந்தா நாங்க ஏன் தொரை இங்க மூட்டை தூக்கறோம்?"

ஜன்னலோரம் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரை பக்கிரிசாமியைப் பார்த்தார்.

"நிஜமா?"

பக்கிரிசாமி அவளைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த மழைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க தொரை."

"உனக்குக் குத்தத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

துரை சிரித்துவிட்டார். கிராணியும் வாயின் நல்ல பக்கத்தால் சிரித்து, வழுக்கியதுதான் என்று தலையாட்டினார். கொட்டகைத் தரையில் மணல் போடச் சொல்லி உத்தரவாயிற்று. வீடு தப்பியது.

லயம் அவளை மன்னிக்கவில்லை. காட்டில் கொழுந்து கிள்ளும்போது பக்கத்து வரிசையிலிருந்து வேலம்மா யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"பொறந்ததிலேருந்து மனுசன் ஒரே ஒரு தடவதான் ஜெயிச்சான். அதையும் பொண்டாட்டிக்காரி வழிச்சுப் போட்டுட்டா."

நவமணியின் விரல் நிற்கவில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு. கறை ஏறிக் கருத்த விரல்.

வீட்டில் பக்கிரிசாமி கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை. சில நாள் போனபின், அடுப்புப் பக்கம் குந்தி உட்கார்ந்து, வலது கையை விறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஏன் புள்ள, அந்த அடி எப்படி இருந்துச்சு?"

பக்கத்து வீட்டுக்காரி கிராணி பங்களாவில் சமைக்கிறவள். நடுவில் ஒரு பலகைச் சுவர்.

"எந்த அடி?" என்றாள் நவமணி.

அவன் புரிந்தவன் மாதிரி தலையாட்டினான். ஆனால் விடவில்லை. குளிக்கும்போது, சாப்பிடும்போது, கோயிலுக்கு நடக்கும்போது. சார்ஜன் சொன்ன மாதிரி எடது கால் முன்னால இருந்துச்சா? எந்த கால்? அவரு பார்த்திருந்தா என்னா சொல்லியிருப்பாரு? யாரு பாத்திருந்தா? நீ பாத்தல்ல? நான் எதையும் பாக்கல. சுவர் இல்லாத இடத்தில்கூட அவள் அதையே சொன்னாள். ஒரு தடவை மாற்றிச் சொன்னால் வாய் பழகிவிடும் என்று பயம். கேட்பது குறைந்தது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

எண்பத்தொன்பதில் சாம்பசிவம் கிராணிக்கு வேலை ஓய்வு. கோயில் மண்டபத்தில் பிரிவுபசாரம். புது துரை வந்திருந்தார். சட்டம் பேசுகிறவர், பழைய துரையைப்போல் சிரிக்கிறவர் அல்ல. மாலை, ரோஜாச் செண்டு, தட்டில் கேசரி, வடை. நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டவன் பக்கிரிசாமி. தலை நரைத்து, கன்னம் தொங்கி, இரண்டு நாற்காலிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான்.

கிராணி நன்றாகப் பேசினார். மலையின் குளிர், சனத்தின் அன்பு எல்லாம் சொல்லிவிட்டு, புதிய பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஒரு கதை உண்டு. நம்ம சாம்பியன் என்னை அடிச்சு மூணு வரிசை பறக்க விட்டானாம். எங்க, சாம்பியன்? இங்க வா. ஒன் கையக் காட்டு, தொரை பாக்கட்டும்."

பக்கிரிசாமி போய் நின்று கையை நீட்டினான். சனம் சிரித்தது. வீரப்பன் கங்காணிகூடக் கிழட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். மூன்று வரிசை அவர் கட்டியதுதான்; இப்போது அது அவருக்கும் வெறும் கதை.

"நீயே சொல்லுப்பா. அடிச்சியா?"

"நான் எங்கய்யா அடிச்சேன்? நீங்க வழுக்கி விழுந்தீங்க. நான்தான தூக்கி விட்டேன்."

நவமணி பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கேசரித் தட்டு. அவன் முகத்தைப் பார்த்தாள். விசாரணை அன்று பொய் சொன்னபோது அந்த முகத்தில் ஒரு நரம்பு துடித்தது. அவள் பார்க்காத மாதிரிப் பார்த்தாள். இன்றைக்கு அந்த நரம்பைத் தேடினாள். இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் ஞாபகம். கிராணியை வழுக்கி விழ விட்டு, தூக்கியும் விட்டிருக்கிறான். இத்தனை வருஷம் 'எந்த அடி, எந்த அடி' என்று கேட்டுக் கேட்டு அவள்தான் அதை அவன் கையிலிருந்து கழற்றி எடுத்திருக்கிறாள்.

தட்டைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள். வேலம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி, தொரை இருக்காரு. வீடு."

"இருக்கட்டும்" என்றாள் நவமணி.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவள் துரையையும் பார்க்கவில்லை, கிராணியையும் பார்க்கவில்லை. நீட்டிய கையோடு நின்றவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மூணு வரிசை இல்ல. ஒரு வரிசைகூட இல்ல. நின்ன எடத்துலயே விழுந்தாரு. மொதல்ல நீங்க மூட்டைய மெதுவா கீழ வெச்சீங்க. எடது காலு முன்னால வந்துச்சு. அப்பறம் வலது கை. ஒரே ஒரு தடவ. அந்தக் கொக்கியில தொங்கிக்கிட்டு இருந்தவ நான், எனக்குத் தெரியாதா? அடிச்சீங்க."

பக்கிரிசாமி தன் கையைப் பார்த்தான்.

"நான் பாத்தேன்" என்றாள்.